தெலீதம்மா பார்த்த கோடு

ஆஸ்பத்திரியில் எங்கள் லேப் டாக்டரம்மாவுக்கு வைத்திருந்த பெயர் தெலீதம்மா. தெலுங்கில் 'தெரியாது' என்பதைப் பேச்சில் 'தெலீது' என்பார்கள். திருப்பதிப் பக்கத்தில் கங்கம்மா, எல்லம்மா, மாரெம்மா என்று ஊருக்கு ஊர் அம்மன்கள் உண்டு. அந்த வரிசையில் வார்டு நர்சுகள் இவரையும் சேர்த்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் வாசலில் இருக்கிற வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, தெலீதம்மாவா? மாடி மேல, முயல் நாத்தம் வரும் பாரு, அந்த ரூமு" என்பார். அந்தச் சொந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. தன்னைப் பற்றி எழுதுவதே அவருக்குப் பிடிக்காது.

பெயருக்குக் காரணம் நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த வாரத்திலேயே தெரிந்தது. சூளூர்பேட்டையிலிருந்து ஒருவர் தன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாளின் வயிறு பானை போல வீங்கியிருந்தது. ஊசி குத்தித் தண்ணீர் எடுத்து லேபுக்கு வந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு டாக்டரம்மா தானே வார்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"எங்கம்மாவுக்கு இன்னா நோவு மேடம்?"

"தெரியலப்பா."

"பொழைக்குமா?"

"அதுவும் தெரியல."

மகனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "தெரியலன்னு சொல்றதுக்கா எங்கம்மா வயித்துலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி எடுத்த? எங்க தண்ணிய எங்ககிட்டக் குடுத்துடு. நாங்க வேற எடத்துல காமிச்சிக்கிறோம்."

வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பாதி செலவாயிடுச்சி, மீதி இருக்கு" என்று சொல்லி என்னை மாடிக்கு அனுப்பினார். நான் புட்டியைக் கொண்டுவந்தேன். அவர் அதை அந்த மகன் கையில் மரியாதையாகக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு மகன் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

மற்ற டாக்டர்கள் கெட்ட சேதி சொல்லும்போது கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்வார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து, போட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து "தெரியல" என்பார். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வேறு ஒரு சொல்லும் கூடவே வராது. கடவுள் இருக்கிறார் என்றோ, பார்க்கலாம் என்றோ ஒட்டுப் போடமாட்டார். ஜனங்களுக்கு அது பொறுக்காது. பொய்யாவது சொல்லக் கூடாதா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

அவர் தேடியது என்ன என்பதை என் நைனாவுக்கு விளக்க முயன்றேன். நைனா சித்தூர் பக்கத்தில் கரும்பு வெட்டப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

"ஆட்டை அறுத்தா குடலு மேல மெல்லிசா ஒரு ஜவ்வு வருமே நைனா, அதே மாதிரி மனுஷனுக்கும் கீது. அந்த ஜவ்வுல ரவையைத் தூவின மாதிரி பொரிப் பொரியா வந்துச்சின்னா வயித்துல தண்ணி கட்டிக்கும். அந்தப் பொரி கேன்சராவும் இருக்கலாம், டிபியாவும் இருக்கலாம். வயித்தைக் கிழிச்சிப் பாத்தாக்கூட ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். டிபின்னா ஊசி போட்டுப் பொழைக்க வைக்கலாம். கேன்சர்னா முடியாது. தண்ணிய வச்சே எதுன்னு கண்டுபுடிக்கணும். அதுக்கு ஒரு கோடு தேடறோம்."

நைனா பீடியை அணைத்தார். "தண்ணியில கோடு தேடறதுக்காடா பி.எஸ்ஸி. படிச்ச?"

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு இல்லாமல் வார்டில் என்ன நடந்தது என்பதை நைனா பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் சில சமயம் கேன்சர் செல் தெரியும். பல சமயம் தெரியாது. டிபி கிருமியோ அந்தத் தண்ணீரில் கண்ணில் படவே படாது. தண்ணீரைக் கினிப் பன்றிக்கு ஊசியாகக் குத்திவிட்டு ஒன்றரை மாதம் காத்திருந்தால், அதற்கு நோய் வருகிறதா என்று பார்த்துச் சொல்லலாம். அதுவரைக்கும்? பெரிய டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். வயிற்றில் தண்ணீர் என்று வந்த எல்லோருக்கும் டிபி ஊசியைப் போடச் சொல்லிவிடுவார். "பொழைச்சா டிபி, போனா கேன்சர். இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு வேணும்?" என்று மாணவர்களிடம் கண் சிமிட்டுவார். மாணவர்கள் சிரிப்பார்கள். டாக்டரம்மாவுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் உடம்பு கூசும். ஊசி போட்டுப் போட்டு, வாந்தி எடுத்து எடுத்து, வீட்டு ஞாபகத்திலேயே கட்டிலில் செத்துப்போன கேன்சர்காரர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். "அவங்க வீட்டுல சாக வேண்டியவங்க தம்பி. நமக்குத் தெரியாததுக்கு அவங்க தண்டனை அனுபவிக்கறாங்க."

அவர் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து அங்கே கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் திரும்புவார். அங்கேயும் அவருக்குப் பெயர் கெட்டிருந்தது. ஒரு தடவை போதகர், சபையார் ஜெபித்ததால் ஒரு பெண்ணுக்கு வயிற்று வீக்கம் வடிந்தது என்று பிரசங்கத்தில் சொல்லி, "நம்ம டாக்டரம்மாவே இதற்குச் சாட்சி" என்று கை காட்டினாராம். இவர் எழுந்து நின்று, "ஜெபத்தாலயா ஊசியாலயா, எனக்குத் தெரியலைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து மாதர் சங்கத்து அம்மாக்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது "மாப்பிள்ளை பிடிச்சிருக்கா?" என்ற கேள்விக்கும் இதே பதிலைச் சொன்னதால்தான் இப்படித் தனியாக நின்றுவிட்டார் என்று நர்சுகள் கதை கட்டியிருந்தார்கள். அதை நான் ஒரு நாள் துணிந்து கேட்டேன். "அது கதை. அவருக்குத்தான் என்னைப் பிடிக்கல" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

முயல்கள் விஷயம் இதுதான். செத்த பிறகு அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கேன்சர் என்று உறுதியான நோயாளிகளிடம் முன்பே எடுத்து வைத்த வயிற்றுத் தண்ணீரை முயல்களுக்கு ஊசியாகக் குத்துவோம். முயலின் ரத்தம் அந்தத் தண்ணீரில் உள்ள அந்நியப் பொருளை எதிரி என்று கண்டுகொள்ளும். பிறகு முயலின் காது நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துத் தெளிய வைத்து, நோயில்லாத மனிதர்களின் ரத்தத்திலும் உள்ள சாதாரணச் சமாச்சாரங்களை அதிலிருந்து கழித்துவிடுவோம். மிஞ்சிய தெளிவு, கேன்சர் உதிர்க்கிற பொருளை மட்டும் அடையாளம் காண வேண்டும். இது அவருடைய கணக்கு. கடையில் சைனா கிராஸ் என்று விற்கிற பாசியின் ஜாதியைச் சேர்ந்த பொடி ஒன்று உண்டு. அதைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைப்பேன். அதில் சின்னச் சின்னக் குழிகள் போடுவேன். நடுக்குழியில் முயல் தெளிவு, சுற்றுக் குழிகளில் நோயாளிகளின் தண்ணீர். ஈரத்துணி விரித்த டப்பாவில் மூடி வைத்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று ஊறும். சந்திக்கிற இடத்தில் பகை இருந்தால் வெள்ளையாக ஒரு கோடு விழும்.

தட்டை ஜன்னலில் மலைப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். யாருடைய தண்ணீர் எந்தக் குழி என்று முன்னால் தெரிந்துகொள்ள மாட்டார். தன் கண்ணையும் நம்பமாட்டார், என் கண்ணையும் நம்பமாட்டார். "உனக்கும் எனக்கும் கோடு விழணும்னு ஆசை இருக்கு. ஆசை இல்லாத ஆளைக் கூப்பிடு" என்பார். நான் கீழே போய் வாட்ச்மேனைக் கூட்டிவருவேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "கீத்த உந்தி மேடம், கோடு ஈர்க்குச்சி மாதிரி கீது" என்றோ, "இங்க ஒண்ணும் லேது, சோத்துத் தண்ணி மாதிரிதான் கீது" என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டு, டீ கேட்பார். டாக்டரம்மா ஃப்ளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுப்பார்.

கேன்சர் தண்ணீரில் கோடு விழுந்தது. டிபி என்று உறுதியானவர்களின் தண்ணீரில் விழவில்லை. மறுபடி மறுபடி அப்படியே வந்தது. நான் குதித்தேன். "இன்னும் போதாது" என்றார். ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அவர் நடையில் ஒரு வேகம் இருந்தது. தட்டுக் கழுவும்போது கீர்த்தனை முணுமுணுத்ததைக் கேட்டேன்.

அப்போதுதான் மரகதம் வந்தாள். புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனி. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஸ்ட்ரெச்சரில் அவளைப் பார்த்த நர்ஸ் பிரசவ வார்டுக்குத் தள்ளப் போனாள். காரணம், இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக வளையல்கள். வயிறு வீங்கியதும் ஊரில் கர்ப்பம் என்று நினைத்துவிட்டார்கள். மாதா மாதம் வரும் தூரம் நின்றிருந்தது, வாந்தியும் இருந்தது. ஏழாம் மாதம் என்று கணக்குப் பண்ணி, கங்கம்மா கோயிலில் வைத்து வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வயிறு மட்டும் பெருத்து, கை கால் குச்சியாக இளைத்து, வளையல்கள் கையை உயர்த்தினால் தோள் வரைக்கும், தாழ்த்தினால் விரல் வரைக்கும் ஓடின. அவளே அதைப் பார்த்துச் சிரித்தாள். "புள்ள எங்க மேடம்னு கேட்டா தண்ணின்னு சொல்றாங்க. அஞ்சு வகை சோறும் தண்டம்."

அவள் புருஷன் முனிரத்தினம் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறவர். வழக்கப்படி டிபி ஊசி ஆரம்பித்தாகிவிட்டது. மரகதத்துக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. தலை சுற்றல், வாந்தி. ஊரில் இரண்டு பையன்களைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். சின்னவனுக்கு ஐந்து வயது. பசங்களைப் பார்க்க வேண்டும் என்று ராப்பகலாக அழுதாள். முனிரத்தினம் மாடி ஏறி வந்து லேப் வாசலில் குந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. பொழைக்கும்னா சொல்லு, ஆறு மாசமானாலும் இங்கயே கெடக்கறோம், வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போவட்டும். பொழைக்காதுன்னா அதையும் சொல்லு, ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடறேன், பசங்களக் கண்ணால பாத்துட்டுப் போவட்டும். ரெண்டுல ஒண்ணு. நடுவுல மட்டும் உட்டுடாதம்மா."

இவர் கண்ணாடியைத் துடைத்தார். வழக்கமான பதில்தான் வரப் போகிறது என்று நான் காத்திருந்தேன். "ரெண்டு நாள் குடுங்க" என்றார்.

மரகதத்தின் தண்ணீரில் கோடு விழுந்தது. நூல் போல அல்ல, பூணூல் போலத் தடிப்பாக. வேறு தட்டில் போட்டோம், வேறு முயலின் தெளிவில் போட்டோம், விழுந்தது. வாட்ச்மேன் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, "இதுக்கு என்னை எதுக்குக் கூப்புட்டீங்க, தெருவுலேர்ந்தே தெரியுதே" என்றார். வழக்கம் போல அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைக் கினிப் பன்றிக்கும் குத்தி வைத்திருந்தோம். அதன் முடிவு தெரிய நாளாகும். டாக்டரம்மா ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். கீழே வார்டிலிருந்து அவள் அழுவது கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு இறங்கிப் போனார். முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியும். கேன்சர்தான். வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

வார்டில் ஒரு நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. முனிரத்தினம் அழவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். மரகதம்தான் சந்தோஷமாகப் போனாள். பஸ்ஸுக்கு நடக்க முடியாமல் புருஷன் தூக்கிக்கொண்டபோது, வளையல்கள் அவர் முதுகில் கலகலவென்று விழுந்தன.

பெரிய டாக்டருக்கு விஷயம் போயிற்று. அவரே மாடி ஏறி வந்து தட்டை வாங்கிப் பார்த்தார். "ஏமம்மா, கடைசியில தெரிஞ்சிடுச்சா?" என்று கேலியும் மெச்சுதலுமாகச் சொல்லிவிட்டு, தன் நோயாளிகளின் தண்ணீரையும் அனுப்ப ஆரம்பித்தார்.

கினிப் பன்றியை அறுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன் தொடைச் சந்தில் கட்டி. மண்ணீரல் முழுக்க மஞ்சள் பொரி. அதிலிருந்து தடவி எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நீலத்தில் சிவப்புக் கோல்களாக டிபி கிருமிகள். நானும் பார்த்தேன். வெகு நேரம் அவர் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை. "வாட்ச்மேனைக் கூட்டிட்டு வரட்டுமா மேடம்?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

பிறகு அவராகவே சொன்னார். "அந்தக் கோடு பொய் சொல்லல தம்பி. ஜவ்வு அடிபட்டா எதையோ உதிர்க்குது. அதைத்தான் முயல் கண்டுபிடிச்சிருக்கு. அடிச்சது யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? முன்னாடி பார்த்த டிபி எல்லாம் லேசான டிபி. இவளுது கடுமை. அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். "பெரிய டாக்டர் வழியில விட்டிருந்தா ஊசி ஓடிக்கிட்டே இருந்திருக்கும்."

அன்றே புத்தலப்பட்டுக்குப் பஸ் ஏறினோம். பையில் ஊசி மருந்து, மாத்திரை, ஸ்டெதாஸ்கோப். உயிரோடு இருந்தால் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று வழியில் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டு வாசலில் முனிரத்தினம் மொட்டைத் தலையோடு கரும்புச் சோகையைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிலை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. போன அமாவாசைக்கு முந்தின நாளு போய்ட்டா. நீ ஒருத்திதாம்மா உள்ளத உள்ளபடி சொன்ன. ஊடு வந்தா, பசங்கள மடியில போட்டுக்கினா, ஒரு வா கஞ்சி குடிச்சா. அங்கயே போட்டுக் குத்திக்கினு இருந்தா இதெல்லாம் கெடைச்சிருக்குமா? உன்ன நெனைக்காத நாளு இல்ல."

திரும்பிப் போய்விடலாம் என்று டாக்டரம்மாவின் காதில் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அவர் உட்காரவில்லை.

"நான் சொன்னது தப்புங்க. அது கேன்சர் இல்ல, டிபி. ஊசியை நிறுத்தாம இருந்திருந்தா பொழைச்சிருக்கலாம்."

முனிரத்தினம் கையில் இருந்த சோகையைக் கீழே வைத்தார்.

"பொழைச்சிருக்கலாமா, பொழைச்சிருப்பாளா?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"இத்த சொல்றதுக்கா பஸ்ஸு ஏறி வந்த?"

"அவங்க இருப்பாங்கன்னு வந்தேன்."

"அதான் இல்லன்னு சொன்னனே. அப்படியே திரும்பி இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"தெரிஞ்சிருக்காது. ஆனா பசங்களப் பாக்கணும். அது வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கும் வர்ற நோய்."

"போய்டும்மா." குரல் உயரவில்லை. "பசங்க இஸ்கூலு உட்டு வர்ற நேரம். அதுங்க காதுல இது உழ வேணாம். போய்டு."

நாங்கள் ரோட்டு மதகுக்கு வந்தோம். திருப்பதி பஸ் வந்தது. நான் கை காட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கினார். மதகின் மேல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இரண்டு பையன்கள் சிலேட்டோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். சின்னவன் நடக்க நடக்க இருமினான். இவர் கழுத்து அந்த இருமலோடு கூடவே திரும்பிப் போயிற்று. பையன்கள் வீட்டுக்குள் போனதும் கதவு சாத்தப்பட்டது. இன்னொரு பஸ்ஸும் போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் கதவு திறந்தது. முனிரத்தினம் சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டு மதகுக்கு வந்தார். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பையனின் சட்டையை முதுகுப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாரு. பாத்துட்டு எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. உன் வாயால எனக்கு எதுவும் வேணாம். இந்தத் தம்பிகிட்டச் சொல்லு, தம்பி எங்கிட்டச் சொல்லட்டும்."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, பையன் முதுகில் வைத்தார். மேலே, கீழே, மறுபடி மேலே. மூச்சை இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பையனுக்குக் கூச்சமாக இருந்தது, நெளிந்தான். கேட்டு முடிக்க நேரமாயிற்று.

பிறகு என் பக்கம் திரும்பினார். "வலது பக்கம் மேல சத்தம் சரியில்ல. நாளைக்குக் காலையிலயே கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. படம் எடுக்கணும். ஊசியை ஆரம்பிச்சா நிறுத்தவே கூடாதுன்னு சொல்லு. யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு."

முனிரத்தினம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தும், பையனின் சட்டையை விடாமல், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.